சேம்பிள் பார்த்துப் பாஸ் செய்த நாவல்

திருப்பூரில் அதிகம் சொல்லப்படும் பொய் எது என்று எந்தக் கம்பெனி வாட்ச்மேனைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: "நாளைக்குக் காலைல டெலிவரி ஆயிருமுங்க." அடுத்த இடம், "பாதி வழி வந்துட்டனுங்க." (சொல்பவர் இன்னும் பல்கூட விளக்கியிருக்க மாட்டார்.) இவற்றால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆனால் "அந்தப் புஸ்தகமா? எப்பவோ படிச்சுட்டனே" என்று ஒரு பொய் இருக்கிறது. அதில் மாட்டினால் தப்பிக்க வழியே கிடையாது. நான் மாட்டினேன். அதுவும் எழுபது பேர் முன்னால், கழுத்தில் பொன்னாடையோடு, கையில் மைக்கோடு.

அப்போது எனக்கு முப்பது வயது. பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் க்யூ.சி. வேலை. அதாவது, மற்றவர்கள் கஷ்டப்பட்டுத் தைத்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவன். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று நாள் முழுக்கக் குறையையே பார்த்துப் பார்த்து என் கண்ணே அப்படி ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் சோபா உறையை விரலால் நீவிப் பார்த்து, "இந்த இடத்துல தையல் விட்டிருக்குதுங்க" என்று சொன்ன புண்ணியவான் நான். (பெண்ணே தைத்த உறை. அந்த இடம் அத்தோடு போயிற்று.) இப்படி ஆறு இடம் தட்டிப்போனதில், அப்பாவுக்கு என் மேல் இருந்த நம்பிக்கையும் எனக்குத் தலை மேல் இருந்த முடியும் ஒன்றாகக் குறைந்துகொண்டு வந்தன.

ஏழாவது இடம் சாமளாபுரம். பெண் பெயர் பூங்கொடி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டை ஒட்டியே அவளுடைய அப்பாவின் தறி ஷெட். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பன்னிரண்டு பவர்லூமும் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். "காப்பிக்குச் சக்கரை போதுங்களா?" என்று கேட்டதே சண்டைக்குக் கூப்பிட்டதுபோல இருந்தது. பொண்ணும் பையனும் தனியா ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று எங்களை முன்னறையில் உட்கார வைத்தார்கள்.

அந்த அறை அலமாரியில் செங்கல் தடிமனில் மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒரே நாவலின் மூன்று பாகங்கள். (நாவலின் பெயர் வேண்டாம். எழுதியவர் நிம்மதியாக இருக்கட்டும்.) நான் அவற்றைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"நீங்க புஸ்தகமெல்லாம் படிப்பீங்களா?" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

'பேப்பர் மட்டுந்தானுங்க, அதுவும் கிரிக்கெட் பக்கம்' என்ற உண்மை தொண்டை வரை வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் சிரித்துத் தொலைத்தாள். உண்மை திரும்பி உள்ளே போய்விட்டது.

"இதுங்களா? எப்பவோ முடிச்சுட்டனுங்க!" என்று பதிலுக்குக் கத்தினேன்.

"நெசமாலுமேங்களா? மூணு பாகமுமா?"

"மூணு பாகமுமுங்க! ரெண்டு தடவ!" என்று நான் தொண்டை கிழியக் கத்திய அதே நொடியில் கரண்ட் போயிற்று. பன்னிரண்டு தறியும் ஒரேயடியாக நின்றன. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில், "ரெண்டு தடவ" என்ற என் குரல் மட்டும் கூடம், சமையலறை, கொல்லை எல்லாம் போய் வந்தது. ("ரெண்டு தடவ" என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக் கொடுத்தது.)

கூடத்தில் இருந்த என் அப்பாவுக்கு என்னைப் பற்றி நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்புத் தமிழில் நான் எடுத்த மார்க்கும் தெரியும். ஆனாலும் பெற்ற பாசம் விடவில்லை. "பையன் புஸ்தகத்தை எடுத்தான்னா சோறு தண்ணி வேண்டாமுங்க" என்று அவர் பங்குக்கு ஒன்றைப் போட்டார்.

பூங்கொடியின் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அதைத்தானுங்க படிச்சுட்டு இருக்கறேன். திருமுருகன்பூண்டில எங்க வாசகர் வட்டம் இருக்குதுங்க. அடுத்த மாசக் கூட்டம் இந்த நாவலுக்குத்தான். பேசறதுக்கு ஆளே சிக்கல. எல்லாரும் மொதப் பாகத்துலயே நின்னுக்கறாங்க. நீங்க வந்து பேசறீங்களா?"

நான் யோசிப்பதற்குள் அவளுடைய அப்பா கூடத்திலிருந்து எழுந்து வந்தார். "நல்ல ரோசனை கண்ணு. நாங்களும் வர்றோம். பையன் பேசறதைக் கேட்டுப்போட்டு மத்ததைப் பேசிக்கலாமுங்க" என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஆக, கல்யாணமே அந்தக் கூட்டத்தின் மேல் வந்து நின்றது. இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழும் வந்தது. 'நூல் ஆய்வுரை: திரு. பெ. நாச்சிமுத்து.' வீட்டிலும் கம்பெனியிலும் என்னை ராஜு என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதால், அது யாரோ ஒரு பெரிய அறிஞரின் பெயர் என்று முதலில் நினைத்தேன். அப்பா அதைக் கணியூர் மாமாவிலிருந்து கல்யாண புரோக்கர் வரை அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார்.

நூலகத்தில் அந்த மூன்று பாகங்களையும் எடுத்து வந்தேன். முதல் பாகம் நைந்து கிழிந்திருந்தது. இரண்டாம் பாகம் பரவாயில்லை. மூன்றாம் பாகத்தில் தேதி முத்திரையே விழுந்திருக்கவில்லை. மூன்றும் சேர்ந்து இரண்டாயிரத்து நூற்று நாற்பது பக்கம்.

மிகப் பெரிய புத்தகத்தைப் படிப்பதில் ஒரு கஷ்டம், அதை எப்படி வைத்துக்கொண்டு படிப்பது என்பது. உட்கார்ந்து படித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. படுத்துப் படித்தால் மூக்கின் மேல் விழுகிறது. (விழுந்தது. மறுநாள் கம்பெனியில் பிளாஸ்திரி பற்றிக் கேட்டவர்களிடம் கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.) இன்னொரு கஷ்டம், நாம் எவ்வளவு படித்தாலும் இடது கைப் பக்கம் மெலிந்தே இருக்கிறது, வலது கைப் பக்கம் அப்படியே கொழுத்து நிற்கிறது. முதல் முப்பது பக்கத்தில் மழை வரவில்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் மேகம் வந்தது. ஆவலோடு புரட்டினால், அந்த மேகத்தைப் பற்றியே எட்டுப் பக்கம். பத்து நாள் முட்டி மோதியதில் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தேன். மழை இன்னும் பெய்யவில்லை. கூட்டத்துக்கு மீதம் பதினாறு நாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஞானோதயம் ஏற்பட்டது. கம்பெனியில் ஒரு பெரிய ஆர்டருக்குக் கடைசிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஆறாயிரம் டீ-சர்ட். அத்தனையையுமா பிரித்துப் பார்ப்போம்? அங்கே ஒன்று இங்கே ஒன்றாகப் பெட்டிகளை இறக்கச் சொல்லி, இருநூறு பீஸை எடுத்துப் பார்ப்போம். அதில் குறை அளவோடு இருந்தால் ஆறாயிரமும் பாஸ். கப்பல் ஏறிவிடும். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. கையில் டேப்பை வைத்துக்கொண்டு யோசித்தேன்: ஆறாயிரத்தை இருநூறில் பாஸ் செய்கிறவன், இரண்டாயிரம் பக்கத்தை எண்பதில் பாஸ் செய்ய முடியாதா?

முறையாகவே செய்தேன், அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. பாகத்துக்கு இத்தனை என்று பிரித்து, அங்கொன்று இங்கொன்றாக எண்பது பக்கங்களைக் குறித்துக்கொண்டு, கம்பெனி ரிப்போர்ட் தாளிலேயே குறிப்பெடுத்தேன். பக்கம் 112: சின்னச்சாமி, வயது ஐம்பது இருக்கும், பெரிய மீசை, சந்தையில் காளை பிடிக்கிறார். மனைவி ராமாத்தா. பக்கம் 640: சின்னச்சாமி இறந்துவிட்டார். ஊரே அழுகிறது. பக்கம் 704: சின்னச்சாமி ஆறு வயதில் வேப்பமரம் ஏறி விழுகிறான். ராமாத்தா அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். பக்கம் 1130: சின்னச்சாமி எண்ணெய்ச் செக்கு முதலாளி மகளைக் காதலிக்கிறான்.

முதலில், அச்சடித்தவர்கள் பக்கங்களை மாற்றிக் கோத்துவிட்டார்களோ என்று பார்த்தேன். பக்க எண் வரிசையாகத்தான் இருந்தது. அப்போது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெரிய எழுத்தாளர்கள் காலத்தை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள் என்று எங்கேயோ காதில் விழுந்திருந்தது. அதுதானே இது! ஒருவன் கிழவனாகிச் செத்து, பிறகு குழந்தையாகி, காதலிக்கிறான்! இவ்வளவு பெரிய சூட்சுமத்தை, முதல் பாகத்தில் நின்றுவிட்ட அந்த வாசகர் வட்டத்தில் ஒருவரும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று பெருமையில் பூரித்தேன். குறை கண்டுபிடிக்கவே பிறந்த கண்ணுக்கு அழகும் தெரிகிறதே என்று எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

கூட்டம் திருமுருகன்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஞாயிறு காலை பதினோரு மணிக்கு. பக்கத்துப் பட்டறையில் யாரோ சாமி சிலை கொத்திக்கொண்டிருந்த சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. முதல் வரிசையில் பூங்கொடியின் அப்பா. அவருக்குப் பின்னால் என் அப்பாவும் அம்மாவும், கல்யாணத்துக்கு வந்ததுபோலப் பட்டும் வெள்ளை வேட்டியுமாக. மூன்றாவது வரிசையில் பூங்கொடி, கையில் நோட்டும் பேனாவும். பொன்னாடையை முதலிலேயே போர்த்திவிட்டார்கள். (பேசி முடித்த பிறகு என்றால் போர்த்தியிருக்க மாட்டார்கள்.)

"நண்பர்களே! இந்த நாவல்ல காலம் முன்னால ஓடல. பின்னால ஓடுது!" என்று ஆரம்பித்தேன். கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த ஒரு நிமிர்வில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "சின்னச்சாமி செத்துப்போறார். நாம அழுவறோம். ஆனா ஆசிரியர் விடல. அவரை மறுபடியும் குழந்தையாக்கறார். அவரைக் கட்டுன அதே ராமாத்தா, அவருக்குத் தலைக்கு எண்ணெய் வெச்சுக் குளிப்பாட்டறாங்க. மனைவியே தாயாகற இந்த இடத்தைப் படிச்சப்ப, ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல!"

என் அப்பா மட்டும் கை தட்டினார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிந்திக்கிறார்கள் என்று நினைத்து, இன்னும் இருபது நிமிடம் அதையே விரித்துப் பேசினேன். பிறவிச் சுழற்சி என்றேன். பெண்ணின் தியாகம் என்றேன். கடைசியில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது ஒருவர் எழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே குடியேறிவிட்ட டைலர். வேலாயுதம் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். நீங்க எந்தச் சின்னச்சாமியச் சொல்லுதீய?"

"ஒரே சின்னச்சாமிதானுங்க. அதுதான் நாவலோட சூட்சுமமே" என்று பெருந்தன்மையோடு சிரித்தேன்.

"அப்படியா…" என்று அவர் மெதுவாக உட்கார்ந்து, மடியில் இருந்த புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

அப்போது பூங்கொடி எழுந்தாள். நான் குழிக்குள் நிற்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை கொடுத்துத் தூக்கிவிடத்தான் எழுந்தாள். (இதைப் பிற்பாடு அவளே சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு அது புரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

"ஏனுங்க, அந்த ஆறு வயசுச் சின்னச்சாமியை ராமாத்தா ஒரு எடத்துலகூடப் பேர் சொல்லிக் கூப்புடறதில்லீங்களே. 'ராசா, ராசா'ன்னுதான் கூப்புடறாங்க. ஏன்னு பாத்தீங்களா?"

"புருசன் பேரை எப்படிங்க சொல்லுவாங்க? புருசனாச்சே!" என்றேன், எவ்வளவு சரியான பதில் என்று நினைத்துக்கொண்டு.

அவள் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். பிறகு இன்னும் மெதுவாக, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்வதுபோலக் கேட்டாள்.

"உங்க பேரு என்னங்க?"

"நாச்சிமுத்துங்க."

"உங்க ஊட்ல என்னன்னு கூப்புடுவாங்க?"

"ராஜுங்க."

"உங்க அம்மா ஏனுங்க நாச்சிமுத்துன்னு கூப்புடறதில்ல?"

"அது எங்க தாத்தா பேருங்க. அம்மா எப்படி மாமனார் பேரைச் சொல்லுவாங்க? எங்க பக்கமெல்லாம் தாத்தா பேரைத்தான் பேரனுக்கு…"

அவ்வளவுதான். அந்த வாக்கியம் முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. கொங்கு நாட்டில் பிறந்து, முப்பது வருடம் தாத்தாவின் பெயரைச் சுமந்து திரிந்தவன், ஒரு நாவலில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பிறவிச் சுழற்சி என்று இருபது நிமிடம் பேசியிருக்கிறேன். பாட்டி பேரனைக் குளிப்பாட்டியதைப் பார்த்துவிட்டு மனைவி தாயானாள் என்றிருக்கிறேன். பக்கத்துப் பட்டறையில் உளிச் சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு வேலாயுதம் அண்ணாச்சிதான் தொடங்கி வைத்தார். எழுபது பேரும் சிரித்தார்கள். மைக்செட்காரர் சிரித்தார். பந்திக்கு இலை போட வந்தவர் இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே என் அம்மா எழுந்து நின்றார். பையனைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள், சாட்சி சொல்லிக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துவிட்டார் பாவம். "ஆமாங்க, அவன் சொல்றது நெசந்தானுங்க. எங்க மாமனார் பேரை நான் இன்னிக்கு வரைக்கும் வாயில எடுத்ததில்லீங்க" என்றார். அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது. அது முந்தையதைவிடப் பெரியது.

வாசகர் வட்டத் தலைவர் நல்ல மனிதர். "புதிய கோணம்" என்று சொல்லி நன்றியுரையை இரண்டு நிமிடத்தில் முடித்தார். நினைவுப் பரிசாகப் பளபளப்புத் தாள் சுற்றிய கனமான ஒன்றைக் கொடுத்தார். தூக்கியதுமே தெரிந்துவிட்டது. அதே மூன்று பாகங்கள்.

சாப்பிடாமல் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்து நின்றேன். பூங்கொடியின் அப்பா என் அப்பாவிடம், "தம்பி கம்பெனிலயும் இப்படித்தான் வேலை பாக்குதுங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது. என் அப்பா குனிந்து செருப்பைத் தேடினார். அவமானத்தைவிட எனக்கு வேறொன்று வலித்தது. அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏழு இடத்தில் குறை எதுவும் என் கண்ணில் படாத ஒரே இடம் அது. நானே போய்க் கெடுத்துக்கொண்டேன்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். "நீங்க படிக்கலைதானுங்க?"

"இல்லீங்க. எம்பது பக்கம் பாத்தனுங்க. சேம்பிளு." விவரத்தைச் சொன்னேன். ஆறாயிரத்துக்கு இருநூறு கணக்கையும் சொன்னேன். கணக்கு டீச்சர் கவனமாகக் கேட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"முழுசாப் படிங்க. ஒரு பக்கம் உடாமப் படிச்சு முடிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் எங்கப்பாவை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீடு மாறிவிட்டது. அப்பா டிவியை ஊமையாக்கிப் பார்த்தார். அம்மா தட்டு வைக்கும்போதெல்லாம் "எத்தனாவது பக்கம் கண்ணு?" என்றார். கணியூர் மாமா தினமும் போனில், "மழை பேஞ்சுதா மாப்ள?" என்று கேட்டார். கம்பெனி பஸ்ஸில் படித்தேன், சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் டேபிளில் படித்தேன், முடிவெட்டும் கடையில் முறை வரும்வரை படித்தேன். எழுபத்து நான்காம் பக்கத்தில் மழை பெய்தது. வீட்டில் அன்று பாயசம்.

இருநூறு பக்கம் தாண்டும்வரை இழுத்துப்போட்டு இழுத்துப்போட்டுத்தான் போனேன். பிறகு எப்போது என்று தெரியவில்லை, பக்க எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கட்டிங் மாஸ்டர் யாரையாவது திட்டினால், சின்னச்சாமியின் தம்பி இப்படித்தான் கத்துவான் என்று தோன்றியது. மேகத்துக்கு எட்டுப் பக்கம் எதற்கு என்றும் அப்போதுதான் புரிந்தது. அந்த ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்த அளவுக்கு நானும் காத்திருக்க வேண்டாமா? சின்ன புத்தகம் என்றால் விருந்துக்குப் போய் வருவதுபோல. இது அப்படியில்லை. குடிபோய்விட வேண்டும்.

அறுநூற்று நாற்பதாம் பக்கம் வந்தது. அவர் சாகப்போகிறார் என்று எனக்கு முன்பே தெரியும். ரிப்போர்ட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். ஆனாலும், அந்தக் காளைகளை யார் பிடித்துக் கட்டுவது என்று அவர் கேட்டுக்கொண்டே கண்ணை மூடியபோது, செக்கிங் டேபிளில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என்னாச்சு ராஜு? லாட் ரிஜெக்டா?"

"இல்லீங்க சார்… சின்னச்சாமி செத்துட்டாருங்க."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் ஒரு சின்னச்சாமி இருந்தார், அன்று லீவு. நான் மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் செய்தி தையல் பிரிவைத் தாண்டி, அயர்னிங் பிரிவைத் தாண்டி, பேக்கிங்கில் இருந்த பீகார்ப் பையன்கள் வரை போய் மெஷின்கள் நின்றுவிட்டன. யாரோ அவருடைய நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். எடுத்தவர் சின்னச்சாமியே. "நான் நல்லாத்தானுங்க இருக்கறேன், பல்லுப் புடுங்க வந்தேன்" என்றாராம். மறுநாள் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு நான் அந்த வரிசைப் பக்கம் குறையே கண்டுபிடிக்கவில்லை.

கடைசிப் பக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு காலி செய்து போனதுபோல இருந்தது. பூங்கொடிக்குப் போன் செய்தேன்.

"முடிச்சுட்டனுங்க. ஒரு பக்கம்கூட உடல."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. "சரிங்க. கடைசில என்னாச்சுன்னு சொல்லுங்க. வெளக்கமாச் சொல்லோணும்" என்றாள்.

பரீட்சை என்று புரிந்துகொண்டேன். செக்கு முதலாளி மகள் எங்கே போனாள், பேரன் சின்னச்சாமி தாத்தாவின் நிலத்தை என்ன செய்தான், ராமாத்தா கடைசி நாளில் முதன்முறையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் சொன்னேன். ராமாத்தா விஷயம் வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் நடுநடுவே "ம்… அப்பறம்?" என்று மட்டும் கேட்டாள். எவ்வளவு கறாரான டீச்சர் என்று எனக்கு வியர்த்தது.

முடித்ததும், "எங்கப்பாகிட்டச் சொல்லீர்றேனுங்க" என்றாள்.

"என்னன்னுங்க?"

"பாஸுன்னு."

கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. போன பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அலமாரியைக் காலி செய்தோம். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்தச் செங்கல் புத்தகங்களில் மூன்றாவதை எங்கள் மகள் யாழினி புரட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, இந்தப் பக்கமெல்லாம் ஒட்டிட்டிருக்குது, தொறக்க மாட்டீங்குது" என்று நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். பழைய தொழில் கண். பைண்டிங்கில் வந்த குறை. கடைசிப் பதினாறு பக்கங்களின் மேல் ஓரம் வெட்டுப்படாமல், மடித்தது மடித்தபடியே இருந்தது. ஸ்கேலோ கத்தியோ வைத்துக் கிழிக்காமல் உலகத்தில் யாரும் அந்தப் பக்கங்களைப் படித்திருக்க முடியாது.

புத்தகத்தோடு சமையலறைக்குப் போனேன். பூங்கொடி தோசைக் கல்லைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் முடிச்சுட்டேன்னு என்னைக்காச்சும் சொல்லியிருக்கறனுங்களா? படிச்சுட்டு இருக்கறேன்னுதான் சொன்னேன்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். சொன்னதேயில்லை.

"அப்ப அன்னிக்குப் போன்ல பரீட்சை வெச்சது?"

"கடைசில என்னாச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

ஸ்கேலை எடுத்து அந்தப் பதினாறு பக்கங்களைப் பிரித்துக் கொடுக்கப் போனேன். அவள் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். "வேண்டாமுங்க. நீங்க அழுதுட்டே சொன்னீங்களே, எனக்கு அந்த முடிவே போதும்" என்றாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு, அதுவும் தோசை தீயும் நேரத்தில், மனைவியின் மேல் இவ்வளவு ஆசை வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த யாழினி அன்று சொன்ன ஒரு வரி, இப்போது எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் திருப்பூரிலிருந்து கணியூர் வரை பரவிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்து அதைச் சொல்கிறார், பந்தியே சிரிக்கிறது, என் மாமனார் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார்:

"படிச்சது அப்பா, பாசானது அம்மா!"